அடி போட்ட அன்னிக்கி வராதவ

கண்மாய்க்கரை பிளாட்டுல கேஸ் சிலிண்டருக்கெல்லாம் பாவாடை கட்டிவிட்டிருந்த காலம் அது. ஃபிரிட்ஜு கைப்பிடிக்கு உறை, டிவிக்கு முக்காடு, மிக்சிக்குத் தொப்பி, தண்ணிக் கேனுக்குச் சட்டைன்னு எந்தப் பொருளும் எந்த வீட்லயும் அம்மணமா நிக்காது, பொம்பளைங்க கையும் சும்மா கெடக்காது, மூணு மணி ஆச்சுன்னா ஏனத்தக் கழுவிக் கவுத்துட்டு எல்லாரும் சி பிளாக்கு கார் ஷெட்டுக்கு எறங்கிருவோம். அந்தக் காலத்துலதான் ரஞ்சிதம் ஒரு வயர் கூடை பின்னுனா. வெளிய தடவிப் பாத்தா அடி இருந்துச்சு, உள்ள கைய விட்டா அடி இல்ல.

கார் ஷெட்டுன்னதும் காரு நிக்கும்னு நெனச்சுறாதீங்க. எங்க காலனில கார் வச்சிருந்தது ஒரே ஒரு ரிட்டையர்டு தாசில்தாரு, அதையும் அவரு மருமகன் ஓட்டிப் பாக்குறேன்னு கோயமுத்தூருக்கு ஓட்டிட்டுப் போயி இன்னும் பாத்து முடிக்கல. சும்மா கெடந்த எடத்தக் கூட்டிப் பெருக்கிப் பாயப் போட்டது எஸ்தர் டீச்சர். கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தவங்க, ரிட்டையர் ஆனப்பறமும் கழுத்துல இஞ்சு டேப்பு தொங்கும். "வாங்கம்மா, சீரியலப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்கிறதுக்கு இதப் பாத்துக் கெடுத்துக்குவோம்"னு வீடு வீடாக் கூப்பிட்டாங்க. மொத வருசம் கொக்கி ஊசில நூலு பின்னுற குரோஷா, அடுத்து பட்டு நூலு வளையலு, அடுத்து பாசிமணி, நடுவுல கொஞ்ச நாளு கண்ணாடில மயில் வரையிறது, அந்த மயிலுகளுக்குப் பூராம் எங்க காலனி சங்கச் செயலாளர் கோதண்டத்தோட மூஞ்சி வந்துருச்சு, ஏன்னு யாருக்கும் தெரியல. கோதண்டம் சம்சாரம் அவரு ஸ்கூட்டருக்கு ஒரு உறை பின்னுனா பாருங்க, அம்புட்டு இறுக்கமா, மாட்டுனதுதான் தெரியும், கழட்ட முடியாம அந்த மனுசன் அதுலேருந்து கரண்டு ஆபீசுக்கு நடந்தேதான் போனாரு. எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும், "எனக்கும் ஒரு உறை போட்டு மூலைல வச்சுருங்கடி"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. தை மாசம் அவரே போயிட்டாரு. அவருக்குன்னு நான் பின்ன ஆரம்பிச்ச மப்ளரு பாதில நிக்கிது, அது கெடக்கட்டும், ரஞ்சிதத்துக்கு வர்றேன்.

ரஞ்சிதம் எங்க வீட்டுக்கு நேர் மேல. அவ புருசன் தவமணி தண்ணித்தொட்டி ஆபீசுல வேல பாத்து ரிட்டையர் ஆனவரு, அதிர்ந்து பேச மாட்டாரு, படியேறும்போது கைப்பிடியக்கூட நோகாமத்தான் பிடிப்பாரு. ஒத்தப் புள்ள சிந்துஜா. மெட்ராசுல பேங்கு வேல. ஒரு ஞாயித்துக்கெழம கூட வேல பாக்குற புள்ளைங்களோட கடலுக்குக் குளிக்கப் போச்சு. ஒரு அலை வந்துச்சு. போன புள்ளைங்க பூராம் கரையேறிருச்சு, சிந்து மட்டும் ஏறல. படகு விட்டுத் தேடுனாங்க, வலை போட்டுத் தேடுனாங்க, ஊரு ஊராக் கரையோரம் சொல்லி வச்சாங்க, ஒண்ணும் கெடைக்கல. கடைசி நாளு ரஞ்சிதம் ஒரு படகுக்காரரு கையப் பிடிச்சுக்கிட்டு, "அய்யா, இந்த எடத்துல ஆழம் எம்புட்டு?"ன்னு கேட்டிருக்கா. அந்த ஆளு நல்ல மனுசன்தான், பொய் சொல்லத் தெரியல. "அதச் சொல்ல முடியாதும்மா, மாறிக்கிட்டே இருக்கும்"னுட்டாரு.

அந்தச் சொல்லு அவளுக்குள்ள மாட்டிக்கிச்சு. ஊருக்குத் திரும்பி வந்தா, அழுகல. போட்டோவுக்கு மாலை போட விடல. "அவ எங்க இருக்கான்னு தெரியாம எங்கிட்டுப் பாத்து மாலை போடுறது?"ன்னு கேட்டா. துக்கம் கேக்க வந்த சனம் காப்பியக் குடிச்சுட்டு வாசப்படில நின்னு முழிக்கும். எழவு வீடுன்னா சொல்லிக்கிறாம எந்திரிச்சுப் போகணும், நல்ல வீடுன்னா போய்ட்டு வர்றோம்னு சொல்லிட்டுப் போகணும், இது என்ன வீடுன்னு தெரியாம செருப்ப மாட்டி மாட்டிக் கழட்டும். தவமணி ஒரு தடவ, "புல்லுல உருவம் செஞ்சு காரியம் பண்ணலாமாம்ல, அய்யரு சொல்றாரு"ன்னு மெல்ல ஆரம்பிச்சாரு. ரஞ்சிதம் சோத்துத் தட்ட அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுப் போனா. அதோட அவரும் அந்தப் பேச்ச விட்டுட்டாரு.

நான்தான் அவள, "வா ரஞ்சிதம், சும்மா வந்து ஒக்காரு, கையில என்னத்தயாச்சும் வச்சிரு"ன்னு கூப்பிட்டேன். திங்கக்கெழமேலருந்து வர்றேன் மதினின்னா. அந்தத் திங்கக்கெழம எங்களுக்கு வயர் கூடை ஆரம்பம். அன்னிக்கிக் காலையில கடலோரத்து ஆஸ்பத்திரி ஒண்ணுலேருந்து போன் வந்துச்சு, ஒரு பொண்ணு கரை ஒதுங்கியிருக்கு, வந்து பாருங்கன்னு. ரெண்டு பேரும் பஸ்ஸப் பிடிச்சு ஓடுனாங்க. அது வேற யாரோ பெத்த புள்ள. "முகத்தப் பாத்தேன் மதினி, நம்மது இல்ல. துப்பட்டா வெலகிக் கெடந்துச்சு, இழுத்து மூடிவிட்டுட்டு வந்தேன்"னா. மறுநாளு மூணு மணிக்கிப் படியெறங்கி வந்து பாய்ல ஒக்காந்தா.

வயர் கூடையில ஒரு முறை இருக்கு. மொதல்ல அடியத்தான் போடணும், நடுவுலேருந்து ஆரம்பிச்சு நாலா பக்கமும் வளத்து, அப்பறம் மடக்கிச் சொவரெழுப்பணும். நாங்க எல்லாரும் திங்கக்கெழமயே அடி போட்டு முடிச்சிருந்தோம். எஸ்தர் டீச்சருக்கு எல்லாரும் ஒண்ணாச் செய்யணும், பள்ளிக்கூடப் பழக்கம். "அடிய அப்பறம் பாத்துக்கலாம் ரஞ்சிதம்மா, இப்ப எங்களோட சேந்து சொவரப் போடுங்க"ன்னாங்க. அவளும் சரின்னு தலையாட்டிட்டு, பச்ச வயரும் மாம்பழக் கலரு வயருமா எடுத்து, கூடையோட வாயிலேருந்து கீழ்நோக்கிப் பின்ன ஆரம்பிச்சா. முடிச்சுன்னா முடிச்சு, ஒண்ணு போல ஒண்ணு, பல்லு வச்ச மாதிரி. கடைசில அவளாவே அடியையும் மூடிக் கொண்டாந்து காட்டுனா. எங்க கூடையெல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நிக்கிது, அவ கூடை தரையில நறுக்குன்னு ஒக்காந்துச்சு. ஒச்சம்மாக் கெழவிக்கிப் பொறுக்கல. எழுவது வயசாச்சு, உசிலம்பட்டிப் பக்கம், வாயத் தொறந்தா மணக்கும். "ஏத்தா, மொத கூடையே இம்புட்டு அழகாப் பின்னிட்டேன்னா நாங்கள்லாம் எங்கிட்டுப் போயி நாண்டுக்கிறது?"ன்னா. ரஞ்சிதம் சிரிக்கல. ஆனா சிரிக்கணும்னு தெரிஞ்ச மாதிரி ஒதட்ட அசைச்சா.

அடுத்த நாளு தவமணி அந்தக் கூடைய எடுத்துக்கிட்டுச் சந்தைக்கிப் போனாரு. கத்திரிக்கா, தக்காளி, முருங்கக்கா வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தாரு. வீட்டுக்கு வந்து கைய விட்டா ஒண்ணும் இல்ல. "காசக் குடுத்துட்டுக் காய எடுக்காம வந்துட்டீங்களா?"ன்னு அவ கேக்க, "முருங்கக்காய நானே என் கையால வச்சேன் ரஞ்சிதம், அதாவது நீட்டிக்கிட்டு நிக்க வேணாமா?"ன்னு அவரு கேக்க, திரும்பிப் போயி காய்க்காரிகூட ஒரு மூச்சு சண்ட. அந்தக் காய்க்காரி இன்னிக்கி வரைக்கும் அவரப் பாத்தா எடைக்கல்லக் கையில எடுத்துக்கிறா. அதுக்கப்பறம் ரஞ்சிதம் ஒரு தேங்காய எடுத்துத் தானே உள்ள போட்டா. போட்டுட்டுக் காத வச்சுக் கேட்டா. அப்பறம் எங்க வீட்டுக்கு எறங்கி வந்து, அடுப்படி நெலையப் பிடிச்சுக்கிட்டு நின்னு, சாதாரணமாத்தான் சொன்னா.

"மதினி, தேங்கா விழுகுது. விழுந்து முடிக்க மாட்டேங்குது."

நான் அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். களைஞ்சு முடிச்சுட்டுத்தான் போய்ப் பாத்தேன். எட்டிப் பாத்தா மேல நாலு வரிசைக்கி பச்சையும் மஞ்சளும் தெரியுது, அப்பறம் பச்ச மட்டும் தெரியுது, அப்பறம் அதுவும் தெரியல. கூடையத் தூக்கி அடியத் தட்டுனேன், கெட்டியா இருந்துச்சு.

கார் ஷெட்டுக்குக் கொண்டு போனோம். ஒச்சம்மா ரவிக்கக் கையச் சுருட்டிக்கிட்டுத் தோளு வரைக்கும் உள்ள விட்டா. "ஆத்தி, கெணத்துக் காத்து அடிக்கிதுடி"ன்னு கைய வெடுக்குன்னு உருவுனா, அவ கவரிங் வளையலு கழண்டு உள்ளயே போயிருச்சு. மெகராஜ் அக்கா, ஏ பிளாக்கு, பேரனுகளுக்குக் குல்லா பின்னிப் பின்னியே வெரலு வளஞ்சு போனவங்க, ஒரு பாசிமணியப் போட்டுட்டுக் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க, ஒதட்டப் பிதுக்குனாங்க. எஸ்தர் டீச்சரு இஞ்சு டேப்ப விட்டுப் பாத்தாங்க. டேப்பு பூராம் உள்ள போயி, பித்தளை முனை அவங்க வெரல்ல வந்து நின்னுச்சு. அப்பறம் கூடையத் திருப்பித் திருப்பி முடிச்ச ஆராஞ்சாங்க.

"எங்கருந்து ஆரம்பிச்சீங்க ரஞ்சிதம்மா?"

"வாயிலருந்துதான் டீச்சர்."

"அடியத்தானம்மா மொதல்ல போடணும். அடிய நம்பித்தான் மத்ததெல்லாம் நிக்கும். கடைசில போட்ட அடி வெளிய மட்டும்தான் ஒட்டும்."

"அடி போட்ட அன்னிக்கி நான் வரலயே டீச்சர்"னா ரஞ்சிதம்.

அன்னிக்கி அவ எங்க போயிருந்தான்னு எல்லாருக்கும் தெரியும். ஊசியும் வயரும் மடியில கெடக்க ஆளாளுக்குப் பாயப் பாத்துக்கிட்டிருந்தோம். ஒச்சம்மாகூட வளையலக் கேக்கல.

ஒரு காலனிக்கி ஒரு கூடை இப்பிடி வாச்சா என்ன செய்யும்? மொதல்ல கோதண்டம்தான் வந்தாரு. அந்த வாரம் குப்பை லாரி வரல, அவரு ரெண்டு கையிலயும் பையத் தூக்கிக்கிட்டுப் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கிறாரு. "தங்கச்சி, பொது நன்மைக்கி..."ன்னு ஆரம்பிச்சவர ரஞ்சிதம் ஏற எறங்கப் பாத்தா. "இது எங் கையால பின்னுன கூடைண்ணே. நாலு மாம்பழம் வச்சுக் குடுக்குற கூடை. குப்பத்தொட்டி இல்ல." அவரு வந்த வழியே போனாரு. டிவிக்காரப் பையன் ஒருத்தன் கேமராவத் தூக்கிக்கிட்டு வந்தான், கேமரால பாத்தா அடி தெரியுதாம், வெறுங்கண்ணுல பாத்தாத் தெரியலயாம், ஆபீசுல திட்டுவாங்கன்னு போயிட்டான். அதுக்கப்பறம் யாருக்கும் அது அதிசயமா இல்ல. லிஃப்டு வேல செய்யாத மாதிரி, மாடிப்படில பூனை படுத்திருக்குற மாதிரி, ரஞ்சிதம் கூடைக்கி அடி இல்ல, அம்புட்டுத்தான்.

ஆனா சனம் வர ஆரம்பிச்சுச்சு. குப்பையோட இல்ல. வீட்ல வச்சுக்கவும் முடியாது, வெளிய எறியவும் மனசு வராதுன்னு ஒவ்வொரு வீட்டுப் பரண்லயும் ஒண்ணு கெடக்கும்ல, அதத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஒருத்தி புருசனோட இன்சுலின் ஊசிப் பெட்டி. ஒருத்தி மகன் கல்யாண ஆல்பம், அந்தக் கல்யாணம் ஆறு மாசம்கூட நிக்கல. பி பிளாக்கு சாரு ஒருத்தரு, அவங்க அம்மா கடைசியா எடுத்த எக்ஸ்ரே, சூரியனுக்கு நேராப் பிடிச்சு ஒரு தடவ பாத்துட்டு, "எலும்பு நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு விட்டாரு. பொறக்காமப் போன புள்ளைக்கிப் பின்னுன காலுறை ஒருத்தி கொண்டாந்தா, அவ பேரு வேணாம், எங்களோட தெனம் ஒக்காந்து சிரிச்சுப் பேசுறவதான், இப்பிடி ஒண்ண வீட்டுக்குள்ள வச்சிருந்தான்னு எங்களுக்கு அன்னிக்கித்தான் தெரியும். நான் எங்க வீட்டுக்காரரு பல்செட்டக் கொண்டு போனேன். டம்ளர்ல தண்ணிக்குள்ள கெடந்து அது பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, தாங்க முடியல, போட்டுட்டேன். போட்டுட்டு வந்து நிம்மதியாத்தான் தூங்குனேன். மறுநாளு காலையில எந்திரிச்சதும் கை தன்னால அந்த டம்ளருக்குத் தண்ணி மாத்தப் போயிருச்சு. வெறும் டம்ளரு. அத வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நின்னேனோ, பால் பொங்கி வழிஞ்சு அடுப்பணைஞ்சதுகூடத் தெரியல.

எல்லாருக்கும் அப்பிடித்தான் ஆச்சு. போட்டவங்க பூராம் ஒரு வாரம், பத்து நாளுல திரும்பி வந்து ரஞ்சிதம் வீட்டு வாசல்ல நின்னாங்க. எடுக்க முடியுமாம்மான்னு வெக்கப்பட்டுக்கிட்டே கேப்பாங்க. அவ கதவத் தொறந்து கூடையக் காட்டுவா. ஆளாளுக்கு எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. இன்னும் விழுந்துக்கிட்டுத்தான் இருக்கும், எதுவும் ஒடைஞ்சிருக்காதுன்னு மெகராஜ் அக்கா சமாதானம் சொல்லுவாங்க. அந்தச் சமாதானம் மத்தவங்களுக்கு ஆச்சு. ரஞ்சிதத்துக்கு அதுதான் ஆகல. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு போடும்போதும் அவ கூடை வாயில காத வச்சுப் படுத்துருவா. போட்டவங்க படியெறங்கி அவங்க வீட்டுக்குப் போயி ஒல வச்சுச் சோறும் வடிச்சிருப்பாங்க, இவ எந்திரிக்க மாட்டா. கன்னத்துல வயரு முடிச்சு அச்சாப் பதிஞ்சிருக்கும். நான் தலையத் தூக்கிவிட்டு, "என்னத்தடி கேக்குற?"ன்னா, "ஒண்ணாவது தரையத் தொடாதா மதினி. ஒரே ஒரு சத்தம் கேட்டாப் போதும். அப்பிடின்னா கீழ ஒரு எடம் இருக்குன்னு அர்த்தம். புள்ள போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம். இல்லேன்னா அவ இன்னும் போய்க்கிட்டே இருக்கான்னுல்ல ஆகுது"ன்னா. எளைச்சுப் போனா, பாதி ஆளா ஆனா, தல சீவுறது கெடையாது, அடுப்புல ஒல வச்சுட்டு அத மறந்துட்டுக் கூடைகிட்டப் போயிருவா. அந்தக் கூடைக்குள்ள அவளே கொஞ்சங்கொஞ்சமாப் போய்க்கிட்டிருந்தா.

ஒரு நாளு மத்தியானம், நான் அங்கதான் வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தேன், தவமணி உள் ரூம்புலேருந்து சிந்துவோட செருப்பக் கொண்டாந்தாரு. வீட்ல போடுற ரப்பர் செருப்பு, குதிங்கால்ல தேஞ்சு போனது. அத ரெண்டு கையிலயும் வச்சுக்கிட்டுக் கூடை முன்னால வந்து நின்னாரு. எத்தன நாளா அந்த மனுசன் அதுக்குத் துணிஞ்சுக்கிட்டு இருந்தாரோ.

"எல்லாரும் போடுறாக. நாமளும் போட்ருவோம் ரஞ்சிதம். போதும்."

அவ தாவி அவரு மணிக்கட்டப் பிடிச்சா. "போடாதீங்க."

"எத்தன நாளைக்கி..."

"சத்தம் கேக்காதுங்க. கேக்காத எடத்துல எம் புள்ளையப் போடாதீங்க."

ரெண்டு பேரும் அப்பிடியே நின்னாங்க, நடுவுல செருப்பு. அப்பறம் தவமணி செருப்பக் கீழ வச்சாரு, சோடியாச் சேத்து, வாசலப் பாக்க. முகத்தத் தொடச்சுக்கிட்டு, ஆபீசுல யாரோ கேட்ட கேள்விக்கிப் பதில் சொல்ற மாதிரி சொன்னாரு: "தண்ணித்தொட்டில ஆழம் தெரியலன்னா கயித்துல கல்லக் கட்டி எறக்குவோம். கல்லு தொட்டா கயிறு தொய்யும். எறக்கிப் பாக்காம ஆழம் இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

துணி காயப்போடுற கொடியக் கழட்டிக்கிட்டு வந்தாரு. எறக்குனாரு. பத்தல. பக்கத்து வீட்டுக் கொடி, எதுத்த வீட்டுக் கொடி, பத்தல. கார் ஷெட்டுக்கு எறங்கி வந்துட்டாங்க ரெண்டு பேரும், கூடையோட. எஸ்தர் டீச்சரு மடியில இருந்த வயர்க் கட்டப் பூராம் எடுத்துக் குடுத்தாங்க. பத்தல. அப்பத்தான் ஒச்சம்மா எந்திரிச்சா. ஒண்ணும் பேசல, அது ஒரு அதிசயம். வீட்டுக்குப் போயி கேஸ் சிலிண்டரோட பாவாடைய அவுத்துக்கிட்டு வந்தா.

குரோஷாப் பின்னலுக்கு ஒரு குணம் உண்டு, கடைசிக் கண்ணிய அவுத்து இழுத்தா பூராம் வந்துரும், வருசக்கணக்காப் பின்னுனது காப்பி ஆறுறதுக்குள்ள ஒத்த நூலாயிரும். அன்னிக்கி எங்க காலனியே அப்பிடி ஒத்த நூலா வந்துச்சு. ஃபிரிட்ஜுக் கைப்பிடி உறை வந்துச்சு, டிவி முக்காடு வந்துச்சு, சோபாவுக்கு விரிச்ச வலை வந்துச்சு, ஆம்பளைங்க அவங்கவங்க வீட்டு டிவியோட நெசக் கலர அன்னிக்கித்தான் பாத்தாங்க. மெகராஜ் அக்கா பேரனுக்குப் பின்னுன குல்லாவ, "அவனுக்கு மண்டை பெருத்துப் போச்சு, வேற போட்டுக்கலாம்"னு சொல்லிக்கிட்டே அவுத்தாங்க. எஸ்தர் டீச்சரு கிறிஸ்துமசுக்குக் கோயில் பீடத்துல விரிக்கிற துணியக் கொண்டாந்து, ஒரு தடவ கும்பிட்டுட்டு இழுத்தாங்க. கோதண்டம் யாரும் வெளையாடாத ஷட்டில் வலையக் கம்பத்தோட பிடுங்கிக்கிட்டு வந்தாரு, அவரு சம்சாரம் அந்த ஸ்கூட்டரு உறைய ஒரே இழுவைல அவுத்தா, ஒரு வருசமா கழட்ட முடியாதது அன்னிக்கிச் சொன்ன பேச்சுக் கேட்டுக் கழண்டுச்சு. நான் அந்தப் பாதி மப்ளரக் குடுத்தேன். சிவப்பு, நீலம், பச்ச, பட்டு நூலு, வயரு, கம்பளி, எல்லாத்தையும் நாங்க முடிச்சுப் போட்டுக் குடுக்கக் குடுக்க, ரஞ்சிதமும் தவமணியும் எதிரெதிரா ஒக்காந்து உள்ள எறக்கிக்கிட்டே இருந்தாங்க.

கார் ஷெட்டுக்கு வந்ததுமே, வீட்ல கட்டுன கல்ல அவுத்துட்டு நுனில கட்ட, ஒச்சம்மா அவ அம்மிக் கொழவியக் கொண்டாந்து குடுத்திருந்தா. "மிக்சி வந்ததுலேருந்து சும்மாத்தான் கெடக்கு, போகட்டும்"னா. மெகராஜ் அக்கா, "சும்மா விட்டா இடிபடும்டி"ன்னு பிளாஸ்குக்குப் பின்னுன கம்பளிச் சட்டைய அதுக்கு மாட்டிவிட்டாங்க. கொழவி சட்டையப் போட்டுக்கிட்டுக் கைப்புள்ள கணக்காப் போச்சு.

நூலு போய்க்கிட்டே இருந்துச்சு. யாரும் டீ போடப் போகல. பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ளைங்க பையோட நின்னுச்சு. ஒரு நேரத்துல ஒச்சம்மா நூலத் தொட்டுக்கிட்டு, "என் வளையலு இதுல ஒரசிட்டுப் போச்சுடி"ன்னா. அது நெசமோ பொய்யோ, எல்லாரும் ஆளுக்கொரு தடவ நூலத் தொட்டுப் பாத்தாங்க, அவங்கவங்க போட்டது ஒரசுதான்னு. நானும் தொட்டேன். எதுவும் ஒரசல. கனம் மட்டும் இருந்துச்சு, கீழ ஒண்ணு தொங்குதுங்குற கனம்.

வீட்ல இருந்ததெல்லாம் தீந்து போயி, கடைசியா எஸ்தர் டீச்சரு கழுத்து டேப்பக் கழட்டி முடிச்சுப் போட்ட பெறகு, ரஞ்சிதம் கை நின்னுச்சு.

"என்னங்க."

"ம்."

"தொட்டுருச்சு."

"எங்க, குடு."

தவமணி வாங்கி, கண்ண மூடிக்கிட்டு, மெல்லத் தூக்குனாரு, மெல்ல விட்டாரு. தூக்குனா கனம். விட்டா கனமில்ல, நூலு தொய்யிது. அந்த மனுசன் மூணு நாலு தடவ அப்பிடிச் செஞ்சாரு, அவசரமே படல. அப்பறம் கண்ணத் தொறந்து அவளப் பாத்தாரு.

"ஆமா ரஞ்சிதம். கீழ தரை இருக்கு."

திரும்ப இழுத்தோம், எல்லாரும் சேந்து. கோதண்டம் ஒரு பக்கம், பி பிளாக்கு சாரு ஒரு பக்கம், தேரு வடம் மாதிரி ஷெட்டு வாசலத் தாண்டி ரோடு வரைக்கும் நூலு. மொதல்ல காஞ்ச நூலா வந்துச்சு. அப்பறம் குளுந்த நூலா வந்துச்சு. அப்பறம் ஈரமா, சொட்டச் சொட்ட வந்துச்சு. மெகராஜ் அக்கா வெரல நாக்குல வச்சுப் பாத்துட்டு, சொல்லலாமா வேணாமான்னு எம் மொகத்தப் பாத்தாங்க. சொல்ல வேண்டியதே வரல, வாசமே வந்துருச்சு. மதுரையிலேருந்து எந்தக் கடலுக்குப் போறதுன்னாலும் அரை நாளு ஆகும், ஆனா அந்தக் கார் ஷெட்டுல கடல் வாசம் அடிச்சுச்சு.

கொழவி வந்துச்சு. சட்டையெல்லாம் ஈரம். கம்பளிக் கண்ணி ஒவ்வொண்ணுலயும் மணலு சிக்கியிருந்துச்சு.

ரஞ்சிதம் அத மடியில வாங்கிக்கிட்டா. சேலை நனைஞ்சுச்சு. கண்ணி கண்ணியா வெரல விட்டு மணல எடுத்தா, புள்ள தலையில ஈரு பாக்குற மாதிரி, ஒண்ணக்கூட விடல. எடுத்து உள்ளங்கையில குமிச்சா. வெரலால தேச்சுப் பாத்தா. கன்னத்துல வச்சுப் பாத்தா.

"கல்லு இல்ல மதினி"ன்னா. "சேறும் இல்ல. மணலு. சலிச்ச மாவு மாதிரி மணலு."

புருசன் பக்கம் கைய நீட்டுனா. "தொட்டுப் பாருங்க. மெத்துன்னு இருக்கு. குத்தாதுங்க. அவளுக்குக் குத்தாது."

தவமணி தொட்டாரு. தொட்டதும் அந்த ஆளு அவ பக்கத்துல தரையில ஒக்காந்துட்டாரு. அப்பத்தான் ரஞ்சிதம் கத்துனா. அதக் கத்துனதுன்னு சொல்றதா என்னன்னு தெரியல. அலை வந்த நாள்லேருந்து அவ தொண்டையில நின்னது பூராம் வந்துச்சு. கூரைல ஒக்காந்திருந்த புறா எல்லாம் பறந்துச்சு. ஒச்சம்மா மெல்லப் பக்கத்துல போயி ஒக்காந்து, தன் கொண்டைய அவுத்துவிட்டா. ரஞ்சிதம் முடியையும் அவுத்துவிட்டா. அப்பறம் அவளக் கட்டிக்கிட்டு ஆடுனா, முன்னுக்கும் பின்னுக்கும், சொல்லு இல்லாம. நாங்க சுத்தி ஒக்காந்தோம். யாரும் போதும் ரஞ்சிதம்னு சொல்லல. அழட்டும்னு விட்டோம், நாங்களும் அழுதோம், சிந்துவுக்காக அழுதோம், அவங்கவங்க போட்டதுக்காகவும் அழுதோம். கூடை ஒரு ஓரமா இருந்துச்சு. அன்னிக்கி அதுக்குள்ள யாரும் எட்டிப் பாக்கல.

வெயிலு தாழ்ந்ததும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சோம். ஒருத்தருகூட போய்ட்டு வர்றேன்னு சொல்லல. நான் வீட்டுக்கு வந்து, எதையும் தொடாம, நேரா பாத்ரூமுக்குப் போயி, கட்டுன சேலையோட தலைல தண்ணிய ஊத்துனேன். ஒரு சொம்பு ஊத்திட்டு நிறுத்துனேன், மேல ரஞ்சிதம் வீட்ல தண்ணி விழுற சத்தம். எதுத்த வீட்லயும் தண்ணி விழுகுது. ஏ பிளாக்குல, பி பிளாக்குல, மெகராஜ் அக்கா வீட்ல, எஸ்தர் டீச்சரு வீட்ல, அந்தப் புள்ள மொகத்தக்கூடச் சரியாப் பாத்திருக்காத வாடகைக்கி வந்தவங்க வீட்ல, எல்லா வீட்லயும் பைப்பத் தொறந்துவிட்டு எல்லாரும் தல முழுகிக்கிட்டிருந்தாங்க. எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தவங்க எப்பிடி முழுகுவாங்களோ அப்பிடி.

மூணு பிளாக்குத் தொட்டியும் காலியாயிருச்சு. கொடத் தண்ணி கொறைஞ்சாலும் குடுமியப் பிடிச்சுக்கிற காலனி, அன்னிக்கி ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாதில தண்ணி நின்னவங்க தலையில நொரையோட அப்பிடியே நின்னு காத்துக்கிட்டிருந்தாங்க. கோதண்டம் ஈரத் தலையத் தொவட்டாமக் கீழ எறங்கி வந்து, மறுபடியும் மோட்டாரப் போட்டுவிட்டாரு.